பெயரன்: நம் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த வரலாறு



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இந்த அரங்கில் கூடுகிறோமோ, அந்த ஆசிரியரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பள்ளியில் சேர்க்க அழைத்து வரும் சேரிப் பிள்ளையின் பெயரைக் கேட்டவுடன் எழுதிவிட மாட்டார். “இது கூப்புடுற பேரு. வச்ச பேரு என்னம்மா?” என்று தாயிடம் திரும்பக் கேட்பார். கோவிந்தன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் கோவிந்தராசனாகப் பதிவேட்டில் ஏறுவான். மாரி என்று வந்தவன் மாரிமுத்துவாக வகுப்புக்குள் போவான். அவரிடம் படித்த நம்மில் பலருடைய பெயரின் கடைசி எழுத்துகள் அவர் மீட்டுக் கொடுத்தவை. இந்த ஆண்டு நினைவுரைக்குப் பெயரையே பொருளாக எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பழக்கம் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நம் மன்றக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிற இளம் இணையருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. “தோழர், யாரும் வைக்காத பேரா ஒண்ணு சொல்லுங்க” என்று தகப்பன் கேட்டார். ஏன் யாரும் வைக்காத பெயர் என்று கேட்டோம். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “பேரக் கேட்டதும் அடுத்த கேள்வி வரக் கூடாது தோழர்.” அந்த அடுத்த கேள்வி என்ன என்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மறுநாள் அவருடைய தாய் பேசினார். “எங்க ஊட்டுக்காரரு பேரத்தான் பேரனுக்கு வைக்கணும். நீங்க சொன்னா அவன் கேப்பான்.”

ஒரே வீட்டிலிருந்து இரண்டு கோரிக்கைகள். ஒன்று இதுவரை இல்லாத பெயரைக் கேட்கிறது. மற்றது இருந்த பெயரைக் காப்பாற்றச் சொல்கிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. இரண்டுக்கும் பின்னால் நீண்ட வரலாறும் உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்று பேச நினைக்கிறோம்.

பேரனும் பெயரனும்

பிள்ளையின் பிள்ளையைத் தமிழில் பேரன் என்கிறோம். பெயரன் என்பதன் மருவல் அது. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். இந்த மண்ணில் பல சாதிகளிலும் இருந்த வழக்கம் இது. நிலம் மகனுக்குப் போகும். பெயர் பேரனுக்குப் போகும். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை. கைமாற்றிக் கொடுக்க மிஞ்சியிருந்தது பெயர் ஒன்றுதான். அதுவாவது முழுதாகப் போய்ச் சேர்ந்ததா?

அந்தத் தாயிடம், “உங்க ஊட்டுக்காரர் பேரு என்னம்மா?” என்று கேட்டோம். சிரித்தார். கணவர் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அவர். ரேஷன் அட்டையில் முனியன் என்று இருந்ததாக மகன் சொல்லியிருந்தார். “முனியன்தானே?” என்றோம். “அது ஆண்டெ ஊட்டுல கூப்புட்டது. எல்லையில மீசையும் அருவாளுமா உக்காந்திருக்காரே, அவரு பேரு. கடைசில சாமியும் உண்டு” என்றார்.

முனுசாமி. ஒரு மனிதர் எழுபது ஆண்டுக்கும் மேல் வாழ்ந்து மறைந்திருக்கிறார். அவருடைய பெயரின் பின்பாதி அவர் மனைவியின் நினைவில் மட்டுமே இருந்திருக்கிறது. அவரும் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாதவராக இருந்திருக்கிறார். பெற்ற மகனுக்கே தெரியவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் பேரன் எந்தப் பெயருக்குப் பெயரன் ஆவான்?

எழுத்தில் ஏறிய பெயர்கள்

பெயர் வைப்பதில் சாதி எப்போது நுழைந்தது என்று கேட்டால், சட்டமாக எழுதி வைத்ததை மனுவில் பார்க்கலாம். மனுஸ்மிருதியின் 2-ஆம் அத்தியாயம் 31-ஆம் செய்யுள், பிறந்த குழந்தைக்கு வர்ணப்படி பெயர் வைக்கச் சொல்கிறது. பிராமணக் குழந்தையின் பெயரில் மங்கலம் இருக்க வேண்டும். சத்திரியன் பெயரில் வலிமை. வைசியன் பெயரில் செல்வம். சூத்திரன் பெயரில் இழிவு. தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கே இழிவை எழுதி வைத்த நூல் அது. நான்கு வர்ணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தச் செய்யுளில் விதிகூட இல்லை. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மகாடில் 1927 டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டபோது, இந்தச் செய்யுளும் சேர்ந்துதான் எரிந்தது.

நம் பக்கத்துச் சான்றுகளுக்கு வருவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருச்சிறகில் எத்தனையாவது வீடு என்பதுவரை குறிப்பு உண்டு. அதே கோயிலின் நிலக்கணக்குக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன, வரி நீங்கிய நிலங்களின் வரிசையில் ஒரு துண்டாக. அது நிலக்கணக்கு, ஆள்கணக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் ஒரு மாணவர் இந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது கண்ணில் படுவதை மறைக்க முடியாது. அங்கே சேரிக்குப் பெயர் இருக்கிறது. சேரியில் குடியிருந்தவர்களுக்கு இல்லை.

நம் முன்னோரின் பெயர்கள் எழுத்தில் ஏறிய இடம் ஒன்று உண்டு. அது அடிமை ஓலை. ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமை முறை’ நூலில் இத்தகைய ஆவணங்களைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், விலை, விற்கப்பட்டவரின் பெயர் என்று எழுதப்படும் ஓலைகள் அவை. நிலப் பத்திரத்தில் சர்வே எண் எதற்காக எழுதப்படுகிறதோ, அதே நோக்கத்துக்காகத்தான் அங்கே மனிதரின் பெயர் எழுதப்பட்டது. 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்பதை நிறுத்தியது. ஓலை போயிற்று. ஓலையில் எழுதிய விதம் பேச்சில் தங்கிவிட்டது.

ஆண்டையின் வாய்

குப்பன், பிச்சை, தவிடன், மண்ணாங்கட்டி. இவையெல்லாம் சேரிப் பெயர்கள் என்று நாமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பெயர்கள் பிறந்த கதை வேறு. முன்பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், புதிதாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்துக் குப்பன் என்று பெயர் வைத்தார்கள். தவிட்டுக்கு விற்றதாகப் பாவனை செய்து திரும்ப வாங்கித் தவிடன் என்றார்கள். வேண்டாத பொருள் என்று நினைத்துச் சாவு ஏமாந்து போகட்டும் என்பது தாயின் கணக்கு. குழந்தைச் சாவு எல்லாச் சாதியிலும் இருந்தது. இந்தப் பெயரும் எல்லாச் சாதியிலும் இருந்தது. குப்புசாமி ஐயர் உண்டு. குப்புசாமி முதலியார் உண்டு. குப்பன் மட்டும் சேரியில் இருந்தார்.

சேரித் தாயும் குப்புசாமி என்றுதான் வைத்தாள். வேலை செய்யும் களத்தில் ‘சாமி’ உதிர்ந்துவிடும். பண்ணையாள் ஒருவனைச் ‘சாமி’ என்று கூப்பிட ஆண்டைக்கு வாய் வருமா? கோவிந்தராசனில் ‘ராசன்’ உதிரும். முத்துவேலரில் ‘அர்’ உதிரும். மிஞ்சுவதோடு ‘டேய்’ சேரும். கிராம அலுவலர் எழுதிய கணக்கில் இந்த உதிர்ந்த பெயரே ஏறியது. அதிலிருந்து வாக்காளர் பட்டியலுக்கு, அங்கிருந்து ரேஷன் அட்டைக்கு. கூப்பிட்ட பெயர் வைத்த பெயரை விழுங்கியது இந்த வழியில்தான்.

பாமா ‘கருக்கு’ நூலை 1992-இல் வெளியிட்டபோது, நாயக்கர் வீட்டுச் சிறுபிள்ளைகள் வயதான பாட்டியைப் பெயர் சொல்லி ஏவுவதையும், பாட்டி அந்தப் பிள்ளையை ஐயா என்று அழைப்பதையும் பதிவு செய்தார். படித்த நம் எல்லோருக்கும் அது நம் வீட்டுப் பாட்டியாகவே தெரிந்தது. பெயர் இருப்பது மட்டும் போதாது. அதை யார், எந்த வயதில், எப்படிக் கூப்பிட உரிமை பெற்றிருந்தார்கள் என்பதில்தான் சாதி இருந்தது.

1930-லும் 1931-லும் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது விதித்த தடைகளை ஹட்டன் தன் நூலில் பட்டியலிட்டுள்ளார். முதலில் 8 தடைகள், பிறகு 11. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. பொன் நகை கூடாது. குடை, செருப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. அந்தப் பட்டியல்களில் பெயரைப் பற்றி ஒன்றும் இல்லை. அதற்குத் தனியாகத் தடை தேவைப்படவில்லை என்றே நாம் புரிந்துகொள்கிறோம். நகையைக் கழற்ற வைக்க ஆள் திரட்ட வேண்டும். பெயரைக் கழற்ற, கூப்பிட்டாலே போதும்.

இரண்டு வழிகள்

இந்த நிலையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம்மில் படித்தெழுந்த முதல் தலைமுறை, பெயர் பற்றிய போராட்டத்தைத் தொடங்கியது. அவர்கள் தேர்ந்தது இரண்டு வழிகள்.

இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்று பெயரிட்டார். எந்தச் சொல்லால் அடிக்கிறார்களோ அந்தச் சொல்லையே பெயர்ப்பலகையாகத் தூக்கிப் பிடித்தார். தன் பெயருக்கு முன்னால் தந்தையின் பெயரைச் சுருக்காமல் முழுதாக வைத்துக்கொண்டவரும் அவரே.

அயோத்திதாசப் பண்டிதர் மற்ற வழியை எடுத்தார். ‘பறையன்’ என்பது பகைவர் இட்ட பெயர். நாம் பூர்வ பௌத்தர், பூர்வத் தமிழர் என்றார். 1907-இல் அவர் தொடங்கிய இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’. அடுத்த ஆண்டே ‘தமிழன்’ ஆயிற்று. இழிபெயரை ஏந்திச் சுத்தம் செய்வது ஒரு வழி. அதை வீசிவிட்டுப் பழைய பெயரைத் தேடி எடுப்பது இன்னொரு வழி. இன்றும் நம் இயக்கங்களில் நடக்கும் பெயர் விவாதங்கள் இந்த இரண்டிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்பவற்றுக்குப் பதிலாக ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுத வைத்தார். ஒரு மக்கள் கூட்டம் தனக்குத் தானே பெயர் வைத்து, அதை அரசைக் கொண்டு எழுத வைத்த நாள் அது.

பண்டிதரின் சொந்தப் பெயரையும் கவனிக்க வேண்டும். 1845-இல் பிறந்தபோது பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் காத்தவராயன். தனக்குக் கல்வி தந்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராயரின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பின் ‘தமிழன்’ இதழை நடத்திய மகனின் பெயர் பட்டாபிராமன். தமிழ் பௌத்தத்தை மீட்டெடுத்தவருடைய பெயரில் அயோத்தியும் மகன் பெயரில் இராமனும் இருப்பதைச் சிலர் முரண்பாடு என்று சுட்டுவார்கள். அவர் பௌத்தத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்த பயணத்தின் தடங்கள் அவை. மனிதர் போன தூரம் முழுவதையும் பெயர் கூடவே வந்து அளந்து சொல்வதில்லை.

ஆனால் பண்டிதர் செய்த இன்னொன்றுதான் இன்றைய நம் கேள்விக்கு நேரடியாக உதவுகிறது. தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தார் என்பதையும், அவரிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடி துரை வழியாக எல்லிஸிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் பண்டிதர் எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் கந்தப்பன் என்ற பெயர் இன்று நமக்கு ஏது? தன் பெயரை மாற்றிக்கொண்ட பேரன், பாட்டன் பெயரை வரலாற்றில் ஏற்றினான். பாட்டன் பெயரைத் தாங்காமலே அவன் பெயரன் ஆனான்.

ஞானஸ்நானமும் சான்றிதழும்

பெயர் மாற்றத்துக்கு இன்னொரு வாசலும் திறந்திருந்தது. தென்திருவிதாங்கூரில் மயிலாடி ஊரைச் சேர்ந்த சாம்பவர் ஒருவர், தஞ்சைக்குப் போய் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவர் அழைத்துத்தான் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். வேதமாணிக்கத்தின் முந்தைய பெயர் மகராசன். நடக்கப் பாதை மறுக்கப்பட்ட ஒரு சாதியில் பிள்ளைக்கு மகராசன் என்று பெயர் வைத்த பெற்றோர் இருந்திருக்கிறார்கள். சேரியில் எல்லாரும் குப்பன்தான் என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு பெயர் போதும்.

தேவாலயப் பதிவேடு நம் மக்களின் பெயரை முழுதாக எழுதிய ஏடுகளில் ஒன்று. யாக்கோபு என்று எழுதினால் யாக்கோபுதான், பின்பாதி உதிராது. ஆனால் விடுதலைக்குப் பின் இதற்கும் ஒரு விலை வந்தது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்துவர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். ஆகவே பல வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர்கள்: கோயிலில் ஒன்று, சான்றிதழில் ஒன்று. கிறித்துவத்தோடு ஒரு தொடர்பும் இல்லாமல், ஆபிரகாம் லிங்கன் மேல் உள்ள மதிப்பால் மகனுக்கு அந்தப் பெயரை வைத்த தகப்பன் சாதிச் சான்றிதழுக்குப் போய் நிற்கும்போது, “கிறிஸ்டியனா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிய பெயர் தேடுகிற பெற்றோர் மறக்கக் கூடாத நடைமுறை இது. நம் பிள்ளையின் பெயர் வட்டாட்சியர் அலுவலகத்தையும் கடந்து போக வேண்டும்.

இயக்கங்கள் வைத்த பெயர்கள்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடுவதைக் கைவிடத் தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டில் பெயரின் வாலில் சாதி தொங்குவது அரிதாகியிருப்பதற்கு அந்த இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பிள்ளைகளுக்கு லெனின், ஸ்டாலின், சாக்ரடீசு, இங்கர்சால், ரஷ்யா என்றெல்லாம் பெயர் வைத்த வீடுகளும் எழுந்தன. இதை நன்றியோடு சொல்லும்போதே ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். விடுவதற்குப் பட்டம் இருந்தவர்கள் அதை விட்டார்கள். நமக்கு விடுவதற்கு ஒன்றும் இல்லை. உதிர்ந்துபோன ‘சாமி’யையும் ‘ராசனை’யும் முதலில் சேர்க்க வேண்டியிருந்தது.

அண்ணல் பெயரிடுவதில் காட்டிய கவனம் தனியாகப் படிக்க வேண்டியது. தன் வீட்டுக்கு ராஜகிருகம் என்று பெயர் வைத்தார். 1946-இல் பம்பாயில் தொடங்கிய கல்லூரி சித்தார்த்தர் பெயரில். அவுரங்காபாத்தில் 1950-இல் தொடங்கியது மிலிந்தர் பெயரில் விளங்குகிறது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீட்சை நடந்த பிறகு, மராட்டியத்தில் சித்தார்த், மிலிந்த், ராகுல், கௌதம், ஆனந்த் என்ற பெயர்களோடு ஒரு தலைமுறை வளர்ந்தது. தமிழகத்தின் வட மாவட்டங்களில் அம்பேத்கர் என்பதே பிள்ளைகளின் பெயரானது. தென் மாவட்டங்களில், 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனின் பெயர் கிறித்துவர் அல்லாத வீடுகளிலும் வழங்குகிறது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ‘அம்பேத்கர்’ என்று வாய்விட்டுக் கூப்பிட்டே ஆக வேண்டும். அந்தப் பெயரில் உதிர்ப்பதற்கு ‘சாமி’ இல்லை.

2000-களின் தொடக்கத்தில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி தமிழ்ப்பெயர் சூட்டும் இயக்கத்தை நடத்தியபோது, தோழர் தொல். திருமாவளவன் தன் தந்தை இராமசாமிக்குத் தொல்காப்பியன் என்று பெயர் சூட்டினார். மகன் தந்தைக்குப் பெயர் வைத்தான். இதன் சமூகவியல் பொருள் எளிமையானது. நம் நாட்டில் பெயரின் முதல் எழுத்து தந்தையுடையது. மகன் பெயரை எவ்வளவு புதிதாக வைத்தாலும், விண்ணப்பத்தில் “முதலெழுத்தை விரிவாக எழுதுக” என்று வரும் கட்டத்தில் தகப்பன் பெயர் வந்து நிற்கும். பெயர் மாற்றத்தைப் பின்னோக்கியும் செய்ய வேண்டியிருந்த நிலை அது.

அடுத்த கேள்வி

இப்போது அந்த இளம் தகப்பனின் கவலைக்கு வருவோம். அடுத்த கேள்வி வராத பெயர் உண்டா?

2007-இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியும் வெவ்வேறு குடும்பப் பெயர்களும் கொண்ட விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயர் கொண்டவருக்கு இருந்த வாய்ப்பில், தலித் பெயர் கொண்டவருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. மாறியது பெயர் ஒன்றுதான். நம் தகப்பனின் அச்சம் வெறும் மனப்பிரமை இல்லை என்பதற்கு இது சான்று.

தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் இல்லையே, இங்கே தப்பிக்கலாமே என்று தோன்றும். தப்பிக்கத்தான் நம் வீடுகளிலும் இப்போது தர்ஷன், ரித்விக், யஷ்வந்த் என்று தேடுகிறார்கள். எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். பொருள் என்னவென்று கேட்டால் பெற்றோருக்கே தெரிவதில்லை. பெயர் வைக்கும் உரிமையைப் போராடிப் பெற்றுவிட்டு, அதை ஜோதிடக் கணினியிடம் ஒப்படைப்பது என்ன விடுதலை? பெயர் பிடிபடாவிட்டால் கேள்வி வேறு வழியில் வருகிறது: “சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? குலசாமி எது?” வாடகைக்கு வீடு தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். பெயரை மறைத்தால் கேள்வி தள்ளிப்போகும், நின்றுவிடாது. கேள்வி நிற்க வேண்டுமானால், கேட்பவர் கூச வேண்டும். அந்தக் கூச்சத்தை உண்டாக்குவது இயக்கத்தின் வேலை. அதைத் தொட்டில் குழந்தையின் பெயர் மேல் சுமத்த முடியாது.

நம்மையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். ஆண் குழந்தைக்கு அரிய பெயர் தேடி மன்றத்துக்குத் தொலைபேசி வருகிறது. மூன்றாவதாகப் பெண் பிறந்தால் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயர் வைத்த வீடுகள் நம் தெருக்களிலும் உண்டு. ஆண்டை நம் பாட்டன் பெயரைப் பாதியாக்கினான். நாம் பாட்டியின் பெயரைக் கேட்டே வைத்துக்கொள்ளவில்லை. பெயரன் உண்டு, பெயர்த்தியும் உண்டு. அந்தச் சொல்லும் தமிழில் இருக்கிறது.

தேரின் பெயர்

மிலிந்தன் யார் என்று பல மாணவர்கள் கேட்பதுண்டு. வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாந்தர்தான் பாலி நூலில் மிலிந்தன். நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டவன். முதல் சந்திப்பில் அவன் கேட்டதே பெயரைத்தான். நாகசேனன் என்று அழைக்கிறார்கள். ஆனால் அது வழக்கில் இட்ட பெயர். அந்தப் பெயருக்குள் நிலையான ஆள் ஒருவர் இல்லை என்றார் துறவி. மன்னன் ஏற்கவில்லை. நீ வந்த தேரில் அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா என்று திருப்பிக் கேட்டார். தனியாக எதுவும் தேர் இல்லை. இவையெல்லாம் கூடிய இடத்தில் தேர் என்ற பெயர் வழங்குகிறது என்று மன்னனே சொல்ல வேண்டியதாயிற்று.

இதை நம் பக்கம் திருப்பிப் பார்ப்போம். முனியன் என்ற சொல்லுக்குள் இழிவு எங்கே இருக்கிறது? முதல் எழுத்திலா, கடைசி எழுத்திலா? எங்கும் இல்லை. கூப்பிட்டவனின் குரலில் இருந்தது; கணக்கு எழுதியவனின் பேனாவில் இருந்தது. இழிவு பெயருக்குள் இல்லை என்றால், பாட்டியின் கோரிக்கையைப் பிற்போக்கு என்று தள்ள முடியாது. பெயருக்குள் யாரும் நிலையாகக் குடியிருக்கவில்லை என்றால், தகப்பன் புதுப்பெயர் தேடுவதையும் முன்னோரைக் கைவிட்டதாகச் சொல்ல முடியாது. சுனிதர் குப்பை வாரும் குடியில் பிறந்து புத்தரின் சங்கத்தில் சேர்ந்தவர். உபாலி நாவிதர் குடியிலிருந்து வந்து சங்கத்தின் ஒழுக்க விதிகளுக்கு அதிகாரியானவர். யாரும் வைக்காத பெயர் வேண்டும் என்றால் இப்படி எத்தனையோ பெயர்கள் நம் வரலாற்றில் காத்திருக்கின்றன. இன்றைய நிலையில் காத்தவராயனும் மகராசனும்கூட அரிய பெயர்கள்தான்.

ஆகவே நாங்கள் அந்த இணையரிடம் சொன்னது இவ்வளவுதான். பிள்ளைக்கு எந்தப் பெயரையும் வையுங்கள். பொருள் தெரிந்து வையுங்கள். வளர்ந்த பிறகு “எனக்கு ஏன் இந்தப் பேரு?” என்று அவன் கேட்கும்போது சொல்வதற்கு ஒரு கதை இருக்கிற பெயராக வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. பாட்டனின் முழுப் பெயரை எழுதி வையுங்கள். பாட்டியின் பெயரையும் எழுதுங்கள். அவர்களுடைய தாய் தந்தையர் பெயர்களைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்க்க 12 மாதங்கள் வரை கட்டணம் இல்லை. தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை வாய்ப்பு இருக்கிறது. அவசரம் வேண்டாம் என்றும் சொன்னோம்.

சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். நூறு பக்க நோட்டு ஒன்றின் முதல் பக்கத்தில் நான்கு தலைமுறைப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. தாத்தாவின் இடத்தில் முனுசாமி என்று முழுதாக இருந்தது. பக்கத்தில் பாட்டியின் பெயர். அவர் பெயரை நாங்களும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். குழந்தைக்கு என்ன பெயர் முடிவாயிற்று என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. அதை அவன் வளர்ந்து தானே சொல்லட்டும். பாட்டி மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மடியில் போட்டுக்கொண்டு “ராசா” என்கிறார். சான்றிதழுக்கும் பதிவேட்டுக்கும் முன்னாலேயே நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் வைக்கப்பட்ட பெயர் அது.

மாணவத் தோழர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கையில் ஒரு நோட்டு எடுத்துச் செல்லுங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நம் ஆசிரியர் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: “இது கூப்புடுற பேரு. வச்ச பேரு என்ன?” பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஜெய் பீம்.